காத்திருக்க முடிந்தவர்களின் செல்வம்

2020 மார்ச் மாதத்தின் மூன்றாவது வாரத்தில், என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் தம்முடைய பங்குசார் பரஸ்பர நிதி முதலீடு முழுவதையும் விற்றுப் பணமாக்கினார். அவரும் நானும் ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில், ஒரே நிதியில், ஒரே மாதாந்திரத் தொகையோடு தொடங்கியவர்கள். சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு நிதி என்றால் என்ன, அதை நடத்தப் பிடிக்கப்படும் செலவு விகிதம் ஏன் முக்கியம், சந்தை விழும்போது ஏன் விற்கக் கூடாது என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் அன்று விற்றதற்குக் காரணம் பயம் அன்று. அவருடைய தம்பிக்கு வேலை போயிருந்தது. இரண்டு குடும்பங்களின் வாடகையும் மருந்துச் செலவும் ஒரே சம்பளத்தின் மேல் வந்து விழுந்தன. நான் விற்கவில்லை. அந்த மாதம் என் சம்பளத்தைப் புதிதாக எதிர்பார்த்து யாரும் நிற்கவில்லை, அவசரத்துக்கென்று வங்கியில் கொஞ்சம் பணம் தனியே இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19-இல் தொட்ட உச்சத்திலிருந்து மார்ச் 23-க்குள் 34 விழுக்காடு சரிந்தது. ஆகஸ்ட் மாதத்திலேயே பழைய உச்சத்தை மீண்டும் எட்டிவிட்டது. இடையில் கழிந்தவை ஐந்து மாதங்கள். அந்த ஐந்து மாதங்கள் கையை வைக்காமல் இருக்க முடிந்தவருக்கு அந்தச் சரிவு ஒரு வரைபடத்தில் தெரியும் பள்ளம் மட்டுமே; முடியாதவருக்கு அது நிரந்தர இழப்பு. பின்னாளில் ஒருவர் என்னுடைய பொறுமையைப் பாராட்டிப் பேசியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் பொறுமையாக இருக்கவில்லை. எனக்கு நெருக்கடி வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் குடும்பச் செல்வத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சில் இருக்கும் மிகப் பெரிய பிழை என்று அப்போதிலிருந்து எனக்குத் தோன்றிவருகிறது.

இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அமெரிக்காவின் புள்ளிவிவரங்களையே அதிகம் நாட வேண்டியிருந்தது. அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1983 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை குடும்பங்களின் சொத்தையும் கடனையும் விரிவாகக் கேட்டுப் பதிவு செய்துவருகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நேரடியாகவோ பரஸ்பர நிதி, ஓய்வூதியக் கணக்கு ஆகியவற்றின் வழியாகவோ ஏதேனும் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் 58 விழுக்காடு. அந்தக் கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே இதுதான் உச்சம். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிறுவனங்களின் உரிமையாளர்கள் ஆகிவிட்டன என்று இதைப் படிக்கலாம். பலர் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் அதே மத்திய வங்கி 1989-இலிருந்து தொடங்கும் இன்னொரு காலாண்டுக் கணக்கையும் வெளியிடுகிறது. குடும்பங்களிடம் உள்ள நிறுவனப் பங்குகள், பரஸ்பர நிதி அலகுகள் ஆகியவற்றில் ஏறத்தாழப் பாதி, செல்வத்தில் மேல்நிலையில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருப்பதாக அது காட்டுகிறது. மேல் பத்து விழுக்காட்டினரைச் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டி வருகிறது. கீழ்ப்பாதியில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் சேர்த்து மிஞ்சுவது நூற்றில் ஒன்று என்ற அளவே. பணியிட ஓய்வூதியக் கணக்குகளுக்குள் இருக்கும் பங்குகள் இதில் வேறொரு தலைப்பின் கீழ் வருவதால், அவற்றையும் சேர்த்தால் மேல்தட்டின் பிடி சற்றுத் தளரும். படத்தின் வடிவம் மாறாது.

இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. முதல் எண் எத்தனை பேர் வாசலுக்குள் வந்தார்கள் என்று எண்ணுகிறது. இரண்டாவது எண் உள்ளே இருப்பது யாருடையது என்று எண்ணுகிறது. ஓய்வூதியக் கணக்கில் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பங்கு வைத்திருப்பவரும், ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்து அதில் கால்பங்கைத் தம்மிடம் வைத்திருப்பவரும் முதல் எண்ணுக்குள் ஒரே அளவு இடத்தையே பிடிக்கிறார்கள். சராசரியிலும் இதே சிக்கல் உண்டு. 2022-இல் அமெரிக்கக் குடும்பத்தின் சராசரி நிகரச் சொத்து, அதாவது கடனைக் கழித்தபின் மிஞ்சும் சொத்து, ஏறத்தாழ 10.6 லட்சம் டாலர். எல்லாக் குடும்பங்களையும் சொத்தின் அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்தோ 1,92,900 டாலர்தான். சராசரியானது நடுவில் நிற்பவரைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கும் ஒரு சமூகத்தில் "குடும்பச் செல்வம் புதிய உச்சம்" என்ற செய்தி எத்தனை குடும்பங்களைப் பற்றியது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நடுவில் நிற்கும் அந்தக் குடும்பத்தின் சொத்து எதில் இருக்கிறது? பெரும்பாலும் வீட்டில். மேல்தட்டின் சொத்து பங்குகளிலும் சொந்தத் தொழில்களிலும் இருக்கிறது. மோரிட்ஸ் குன், மோரிட்ஸ் ஷூலாரிக், உல்ரிகே ஸ்டைன்ஸ் ஆகிய மூவரும் பழைய கணக்கெடுப்புத் தாள்களைத் தேடி எடுத்து, 1949 முதல் 2016 வரையிலான அமெரிக்கக் குடும்பங்களின் வரவையும் சொத்தையும் தொகுத்து, 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செல்வ ஏற்றத்தாழ்வு எந்தப் பத்தாண்டில் கூடுகிறது, எதில் குறைகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது வீட்டு விலைக்கும் பங்கு விலைக்கும் இடையிலான பந்தயமே என்பது அவர்களுடைய முடிவு. வீட்டு விலை முந்தினால் நடுத்தட்டு மேலே வரும். பங்கு விலை முந்தினால் மேல்தட்டு விலகிப் போகும். சம்பளத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே, சேமிப்பில் எந்த வேறுபாடும் இல்லாமலே இது நடக்கும்.

2007-க்குப் பின் நடந்ததை இந்தப் பார்வையோடு திரும்பிப் பார்த்தால்தான் அதன் கொடுமை முழுதாகத் தெரிகிறது. வீட்டை மக்கள் முழுப் பணம் கொடுத்து வாங்குவதில்லை. நூறு மதிப்புள்ள வீட்டில் எண்பது கடன் என்றால் குடும்பத்தின் சொந்தப் பங்கு இருபது. விலை இருபது விழுக்காடு இறங்கினால் வங்கியின் எண்பது அப்படியே நிற்க, குடும்பத்தின் இருபது முழுதாகக் கரைந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2006-இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலைகள் 2012 வரை இறங்கின. பழைய உச்சத்தைத் தொட 2016 ஆயிற்று. பங்குச் சந்தை 2009 மார்ச் 9-இல் அடிமட்டத்தைத் தொட்டு, 2013 மார்ச் மாதத்திலேயே 2007-இன் உச்சத்தைத் தாண்டியது. முதலில் எழுந்தது மேல்தட்டின் சொத்து. அது எழுந்து நின்ற நாளில் எத்தனையோ குடும்பங்கள் தவணை கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்து வாடகைக்குப் போயிருந்தன. பின்னால் வீட்டு விலை மீண்டபோது மீளுவதற்கு அவர்களிடம் வீடு இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீடு மோசமான முதலீடு, பங்கு நல்ல முதலீடு என்பது நான் சொல்ல வருவது அன்று. பதினாறு நாடுகளில் 1870 முதல் 2015 வரை எல்லாவகைச் சொத்துகளின் வருவாயையும் தொகுத்த ஆஸ்கர் ஜோர்டாவும் அவருடைய கூட்டாளிகளும், வாடகை வரவையும் சேர்த்துக் கணக்கிட்டால் வீட்டின் நீண்டகால வருவாய் பங்கின் வருவாய்க்கு ஏறத்தாழச் சமம் என்றும், அதன் ஏற்ற இறக்கம் பங்கைவிடக் குறைவு என்றும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது நாடு முழுவதிலும் உள்ள வீடுகளின் சராசரி. ஒரு குடும்பத்திடம் இருப்பது ஒரு தெருவில் உள்ள ஒரு வீடு, அதுவும் கடனோடு, அந்தத் தெருவில் வீட்டு விலை விழும் ஆண்டில்தான் பெரும்பாலும் அந்த ஊரில் வேலையும் போகிறது. சொத்தின் வகையைவிட, கெட்ட ஆண்டு ஒன்றை விற்காமல் கடக்க முடிகிறதா என்பதே பெரிய கேள்வி.

வீட்டையும் விட்டுவிட்டு வங்கிச் சேமிப்பை எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் அகலமாகிறது. ரஜ்னிஷ் மெஹ்ராவும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1985-இல் எழுதிய கட்டுரையில், 1889 முதல் 1978 வரை அமெரிக்கப் பங்குகள் பணவீக்கத்தைக் கழித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு தந்தன என்றும், குறுகிய கால அரசுக் கடன் பத்திரங்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே தந்தன என்றும் கணக்கிட்டார்கள். 7 விழுக்காட்டில் பணம் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு விழுக்காட்டில் இரட்டிப்பாக எழுபது ஆண்டுகள் வேண்டும். ஒரே சம்பளம், ஒரே சிக்கனம் உள்ள இரண்டு குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எவ்வளவு தூரம் விலகி நிற்பார்கள் என்பதைப் பார்க்க இந்தக் கணக்கே போதும். இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் இருக்கிறது என்ற கேள்வியைப் பொருளியல் அறிஞர்கள் இன்னும் ஒரு புதிராகவே நடத்துகிறார்கள். அதன் ஒரு பகுதிக்காவது எளிய விடை உண்டு என்று நான் நினைக்கிறேன்: பங்கு தரும் கூடுதல் வருவாய், காத்திருப்புக்குக் கொடுக்கப்படும் கூலி. அந்த வேலைக்கு எல்லோராலும் விண்ணப்பிக்க முடிவதில்லை.

இந்த விலகல் தலைமுறைகளைத் தாண்டி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் படித்தவற்றிலேயே கனமான சான்று எலோரா டெரெனன்கூரும் மூன்று சக ஆய்வாளர்களும் அமெரிக்க வெள்ளையர், கறுப்பர் செல்வத்தை 1860 முதல் 2020 வரை பின்தொடர்ந்து எழுதிய ஆய்வு. அடிமைமுறை ஒழியும் முன் ஒரு கறுப்பரின் தலா செல்வத்துக்கு வெள்ளையரின் தலா செல்வம் ஏறத்தாழ அறுபது மடங்கு. 1920-க்குள் அது பத்து மடங்காகக் குறைந்தது. இன்று ஏறத்தாழ ஆறு மடங்கு. முதல் அறுபது ஆண்டுகளில் அவ்வளவு வேகமாகக் குறைந்த இடைவெளி அடுத்த நூறாண்டுகளில் நொண்டியதும், 1980-களுக்குப் பின் மீண்டும் விரியத் தொடங்கியதும் ஏன்? வருமான இடைவெளியும் சேமிப்பு இடைவெளியும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் திசையை மாற்றியது பங்கு விலை ஏற்றம் என்று அவர்கள் காட்டுகிறார்கள். வெள்ளையர் சொத்தில் பங்குகள் கணிசமாக இருந்தன. கறுப்பர் சொத்தில் இருந்தது பெரும்பாலும் வீடு. யாரும் புதிதாக எந்த அநீதியும் செய்யாவிட்டாலும்கூட, பழைய அநீதி ஒரு முதலீட்டுப் பட்டியலின் வடிவத்தில் உட்கார்ந்துகொண்டு ஆண்டுதோறும் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கிறது. இதை முதன்முறை படித்த அன்று எனக்கு அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை.

"அப்படியானால் அவர்களும் பங்கு வாங்க வேண்டியதுதானே, இன்று ஒரு கைபேசி போதுமே" என்று கேட்பவர்கள் உண்டு. நிதி அறிவின்மைதான் தடை என்பது இந்தக் கேள்வியின் அடியில் இருக்கும் நம்பிக்கை. அதே ஃபெடரல் ரிசர்வ் ஆண்டுதோறும் இன்னொரு கேள்வியையும் கேட்கிறது: எதிர்பாராத 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பைக் கொண்டோ அதற்கு ஈடான வழியிலோ உங்களால் சமாளிக்க முடியுமா? 2023-இல் முடியும் என்றவர்கள் 63 விழுக்காடு. மீதி 37 விழுக்காட்டினர் கடன் வாங்க வேண்டும், எதையாவது விற்க வேண்டும், அல்லது கட்டாமல் விட வேண்டும். உலகின் மிகப் பெரிய பங்குச் சந்தை உள்ள நாட்டின் நிலை இது. கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர், 7 விழுக்காடு தரக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் பங்கு வாங்கினால்தான் அறியாமை. வாங்காமல் கடனை அடைப்பது சரியான கணக்கு. ஏழைகள் பங்கு வாங்காததில் பெரும்பகுதி அறிவின்மை அன்று. தங்கள் நிலையை நன்றாக அறிந்திருப்பதன் விளைவு.

பெரும்பகுதி என்றேன், முழுவதும் என்று சொல்ல முடியாதபடி ஓர் ஆய்வு என்னைத் தடுக்கிறது. சுவீடனில் லாட்டரிப் பரிசு பெற்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன் பங்கே வைத்திராதவர்களுக்கு 1,50,000 டாலர் அளவுக்குத் திடீர்ப் பணம் கிடைத்தாலும், பங்கு வாங்கும் வாய்ப்பு 12 விழுக்காட்டுப் புள்ளிகளே கூடியது. கையில் பணம் வந்தபிறகும் பெரும்பாலோர் சந்தைப் பக்கம் போகவில்லை. உல்ரிகே மால்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகலும் 2011-இல் காட்டியதுபோல, வாழ்நாளில் மோசமான சந்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் பங்கை நெருங்கத் தயங்குகிறார்கள். இவற்றை நான் என் கருத்துக்கு எதிரான சான்றாக அல்ல, அதன் நீட்சியாகவே படிக்கிறேன். நெருக்கடியில் விற்று இழந்த வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பங்கு என்றால் இழப்பு என்றே மனத்தில் பதியும். நெருக்கடியைத் தாண்டிய வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகப் புழங்கும் சொல். பணத்தை ஒரே நாளில் கொடுத்துவிடலாம்; அந்தச் சாதாரணத்தை அப்படிக் கொடுக்க முடியாது.

உள்ளே நுழைந்துவிட்ட சிறு முதலீட்டாளரின் நிலையும் பாதுகாப்பானது அன்று. ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த ஏறத்தாழ 26,000 பங்குகளை ஆராய்ந்தபோது, சந்தை மொத்தமாக ஈட்டித் தந்த நிகரச் செல்வம் முழுவதையும் 4 விழுக்காடு நிறுவனங்களே தந்திருந்தன. பெரும்பாலான தனிப் பங்குகள் தம் வாழ்நாளில் குறுகிய கால அரசுப் பத்திரத்தைக்கூட மிஞ்சவில்லை. இரண்டு மூன்று பங்குகளை மட்டும் வாங்கக்கூடியவர் அந்த நான்கு விழுக்காட்டைத் தவறவிடுவதே இயல்பு. அடிக்கடி வாங்கி விற்றால் நிலைமை இன்னும் மோசம். பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 விழுக்காடு. ஜான் போகல் 1976-இல் சாதாரண மக்களுக்கென்று தொடங்கிய குறியீட்டு நிதி இந்தச் சிக்கலுக்கு உண்மையான தீர்வாக அமைந்தது. சிறு முதலீட்டாளருக்கு அதைவிடப் பெரிய உதவியைச் சந்தையில் வேறு யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் குறியீட்டு நிதி எதை வாங்குவது என்ற கேள்வியைத்தான் தீர்த்தது. எப்போது விற்க நேரும் என்ற கேள்வி வாங்கியவரின் வீட்டிலேயே இருக்கிறது.

காத்திருந்தால் எப்போதும் பலன் உண்டு என்றும் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29-இல் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22-இல். இடையில் 34 ஆண்டுகள். ஒருவருடைய பணிக்காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

எல்லோரும் பங்குதாரர் ஆகலாம் என்ற வாக்குறுதி பங்குச் சந்தையின் வயதுக்குச் சமமானது. 1602 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் பங்குப் பதிவேடு திறக்கப்பட்டபோது, நாட்டில் குடியிருப்பவர் யாரும் எந்தத் தொகையும் போடலாம் என்பது விதி. அந்த நகரின் பிரிவில் மட்டும் 1,143 பேர் சேர்ந்தார்கள். மொத்தத் தொகை, அன்றைய டச்சு நாணயமான கில்டரில், 36 லட்சத்தைத் தாண்டியது. பதிவு நடந்த வணிகரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த நேல்ட்ஜென் கார்னெலிஸ், நூறு கில்டருக்குத் தம் பெயரையும் எழுதவைத்தார். பல்லாயிரம் கில்டர் போட்ட வணிகர்களுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கும் பக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை தோன்றுகிறது. ஆனால் அந்த நிறுவனம் முதல் ஈவுத்தொகையைக் கொடுத்தது 1610-இல். எட்டு ஆண்டுகள் கழித்து, அதுவும் காசாக அல்லாமல் ஜாதிபத்திரியாக. கப்பலும் கிடங்கும் வைத்திருந்த வணிகரால் எட்டு ஆண்டுகள் காத்திருந்து, கிடைத்த ஜாதிபத்திரியைச் சந்தை பார்த்து விற்க முடியும். பதிவேடு இருவருக்கும் ஒரே விதியைத்தான் விதித்தது.

பங்கைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 1992 அக்டோபரில் ரஷ்யா தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மயச் சீட்டு ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியது. பழைய அரசு நிறுவனங்களின் பங்குகளை அந்தச் சீட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் அதைவிடச் சமமான பங்கீடு இருக்க முடியாது. ஆனால் அந்த ஆண்டில் ரஷ்யாவின் பணவீக்கம் 2,500 விழுக்காட்டுக்கும் மேல். சேமிப்பு கரைந்து, சம்பளம் தாமதமாகி, அடுத்த வாரச் செலவுக்கு வழியில்லாமல் நின்றவர்கள் சீட்டைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். வாங்கிச் சேர்க்கக் கையில் பணம் இருந்தவர்கள் தொழிற்சாலைகளையும் எண்ணெய் வயல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சமமாகக் கொடுக்கப்பட்டது பங்கு மட்டுமே. வைத்திருக்கும் வலிமை கொடுக்கப்படவில்லை.

பிரிட்டனில் இது மென்மையான வடிவில் நடந்தது. 1984-இல் பிரிட்டிஷ் டெலிகாம், 1986-இல் பிரிட்டிஷ் கேஸ் என்று அரசு நிறுவனங்களின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, பங்கு வைத்திருப்போரின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. ஆனால் பிரிட்டிஷ் பங்குகளில் தனிமனிதர்கள் நேரடியாக வைத்திருந்த அளவு 1963-இல் 54 விழுக்காடாக இருந்து, 1981-இல் 28 விழுக்காடாகி, பெரும் விற்பனைகளுக்குப் பிறகும் குறைந்துகொண்டே போனது. ஓய்வூதிய நிதிகள் மக்களுக்காக வாங்கியதும் இந்தச் சரிவுக்குள் அடங்கும்; எனவே இதை முழு இழப்பு என்று சொல்ல மாட்டேன். உரிமையாளர்களின் தலையை எண்ணுவது உரிமையை எண்ணுவதாகாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு எது வேலை செய்கிறது? விற்க வேண்டிய நெருக்கடி வரும் நாளில் விற்க முடியாதபடி வைக்கப்பட்ட பொது உரிமை வேலை செய்கிறது என்பது நான் வந்து சேர்ந்த இடம். நார்வே தன் எண்ணெய் வருவாயை ஒரு நிதியில் சேர்க்க 1990-இல் சட்டம் இயற்றி, 1996-இல் முதல் தொகையைப் போட்டது. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் உள்ள அந்நாட்டின் நிதி, இன்று உலகில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகளில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டை வைத்திருக்கிறது. 2020 மார்ச்சில் எந்த நார்வேக்காரரும் தம் வாடகைக்காக அதில் தம்முடைய பங்கை விற்க வேண்டியிருக்கவில்லை, விற்கவும் முடியாது. நிதியின் எதிர்பார்க்கப்படும் நீண்டகால வருவாயை ஒட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு என்ற அளவில் அரசின் வரவுசெலவுக்குப் பணம் போகிறது. அலாஸ்கா மாநிலத்தின் நிதி இன்னும் நேரடியானது. 1982-இல் முதன்முறையாக ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் 1,000 டாலர் கொடுத்தது, அதிலிருந்து ஆண்டுதோறும் கொடுத்துவருகிறது. நிதி பொதுவில் இருக்கிறது, பலன் வீட்டுக்கு வருகிறது. எண்ணெய் இல்லாத நாடு என்ன செய்யும் என்று கேட்கலாம். எண்ணெய் இருந்தும் இப்படிச் செய்யாத நாடுகளே அதிகம் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும்.

தனிக் கணக்குகளிலும் வழி இருக்கிறது. ஓர் அமெரிக்க நிறுவனத்தில் புதிய ஊழியர்களை அவர்கள் கேட்காமலே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்து, வேண்டாதவர் மட்டும் விலகலாம் என்று விதியை மாற்றியபோது என்ன ஆயிற்று என்பதை பிரிஜிட் மேட்ரியனும் டென்னிஸ் ஷியாவும் 2001-இல் எழுதினார்கள். முன்பு பாதிப் பேர்கூடச் சேராத இடத்தில் 86 விழுக்காட்டினர் சேர்ந்திருந்தார்கள். அறிவுரையோ பயிற்சி வகுப்போ செய்யாததைப் படிவத்தில் மாற்றிய ஒரு வரி செய்தது. பிரிட்டன் 2012 முதல் இதை நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பூட்டிய கணக்கில் ஒரு வேதனையும் உண்டு: ஓய்வூதியக் கணக்கில் பங்கு வளர்ந்துகொண்டிருக்க, அதே மனிதர் வெளியே அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஓய்வூதியக் கணக்கோடு 2,500 டாலர் வரையிலான அவசரச் சேமிப்பையும் இணைத்துக்கொள்ள அமெரிக்கா 2022-இல் இயற்றிய சட்டம் இடமளித்தது. தொகை சிறிது, யோசனை மிகச் சரியானது. முதலில் அவசரச் சேமிப்பு, பிறகு பங்கு. இந்த வரிசையை மாற்றினால் பங்கு நிற்காது.

பிறக்கும்போதே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முதலீட்டுத் தொகையைப் போட்டு வளரவிடும் திட்டங்களையும் நான் ஆதரிக்கிறேன். பிரிட்டன் 2002 செப்டம்பர் முதல் பிறந்த குழந்தைகளுக்கு 250 பவுண்டும், வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்கு 500 பவுண்டும் கொடுத்துவந்து, 2011-இல் சிக்கனம் கருதி நிறுத்திவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தால்தான் பலன் தெரியும் ஒரு திட்டத்துக்கு ஒன்பது ஆண்டுகூட அரசால் காத்திருக்க முடியவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், அரசு மருத்துவ உதவியின் கீழ் 2023 ஜூலை முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு 3,200 டாலர் வீதம் முதலீடு செய்கிறது. அந்தக் குழந்தைகளில் மூத்தவர் அந்தப் பணத்தைக் கையில் பெற 2041 ஆகும்.

என் நண்பரின் தம்பிக்குப் பதினான்கு மாதங்கள் கழித்து வேலை கிடைத்தது. நண்பர் மறுபடியும் அதே நிதியில் சேர்ந்தார். இம்முறை முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு. அதற்குள் அலகின் விலை அவர் விற்ற விலையைப் போல இரு மடங்கை நெருங்கியிருந்தது. அவர் அன்று விற்ற அலகுகள் இன்று இருந்திருந்தால் எவ்வளவு பெறும் என்று நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பணம் இரண்டு குடும்பங்களை ஓராண்டுக்கும் மேலாக அவரவர் வீட்டிலேயே குடியிருக்க வைத்தது. நான் பார்த்த எந்த வருவாய்க் கணக்கிலும் அதற்கு ஒரு வரி இல்லை.